சீட்டில்லாமல் மாத்திரை: குற்றம் கடைக்காரருடையது மட்டும்தானா?

வேலந்தாவளம்: கோவை, பாலக்காடு மாவட்டங்களின் எல்லையில் உள்ள இவ்வூரிலும் சரி, ஏலத் தோட்டங்கள் நிறைந்த இடுக்கி எல்லையிலும் சரி, தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தால் கால் முதலில் போவது மருந்துக்கடைக்குத்தான். "தொண்டை வலிக்குது, நாலு மாத்திரை கொடுங்க" என்பார். பலமுறை அந்த நாலில் ஓர் ஆன்டிபயாடிக்கும் சேர்ந்துவிடுகிறது.

டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது என்பது புதிய சட்டமல்ல. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் எச் அட்டவணையில் உள்ள மருந்துகளுக்குச் சீட்டு கட்டாயம். 2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள எச்-1 அட்டவணைப்படி, வீரியம் மிக்க பல ஆன்டிபயாடிக்குகளுக்கு டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். இது மத்திய சட்டம். சோதனைச் சாவடியின் இரு பக்கமும் ஒன்றே.

பிறகு ஏன் விற்கிறார்கள்? பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். கடைக்காரர் மறுத்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். மாத்திரையோடு மாதாந்தர வியாபாரமும் போய்விடும். பழைய அட்டையைக் காட்டி "போன தடவை இதுதான் கேட்டது" என்பவரிடம் வாதாட நேரமில்லை. மருந்தாளுநர் இல்லாத வேளையில் உதவிப் பையனே எடுத்துக் கொடுப்பதும் உண்டு.

வாங்குபவர் பக்கமும் கணக்கு இருக்கிறது. டாக்டரைப் பார்க்கக் கட்டணம் ஒருபுறம்; காத்திருந்தால் அன்றைய கூலி போவது மறுபுறம். கேரள அரசு 2017-இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில், குடும்ப சுகாதார நிலையங்களில் மாலை 6 மணி வரை நோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேலை முடிந்து 6 மணிக்கு மேல் பஸ் இறங்குபவருக்குத் திறந்திருப்பது மருந்துக்கடை மட்டுமே.

இதனால் வரும் கேடு என்ன? சாதாரண சளி, காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது. தேவையில்லாமலும் அரைகுறையாகவும் தின்றால், உடலில் உள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்கு மசியாதவை மட்டும் பிழைத்துப் பெருகும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், கடையில் யாரும் வாங்கும் காலம் வந்தால் இந்த ஆபத்து வரும் என்று 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மசியாத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாளை நிமோனியாவோ அறுவைச் சிகிச்சைப் புண்ணோ வரும்போது மருந்து கேட்காமல் போனால், விலை உயர்ந்த மருந்தைத் தேடி அலையப் போவதும் இதே கூலிக் குடும்பம்தான்.

கேரளம் 2018-இல் இதற்கெனத் தனிச் செயல் திட்டம் வகுத்தது. 2024 ஜனவரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. 'சீட்டின்றி ஆன்டிபயாடிக் இல்லை' என்று கடைகளில் பலகை வைக்க உத்தரவாயிற்று. விற்பனை 20 முதல் 30 சதம் வரை குறைந்ததாக அரசு பின்னர் கூறியது.

கண்டிப்புக்குப் பலன் உண்டு என்பது இதில் தெரிகிறது. எல்லாக் கடையும் மறுத்தால், மறுக்கும் கடைக்கு நஷ்டமில்லை. ஆனால் ஒரு மாநிலத்தின் சோதனை எல்லையோடு நின்றுவிடும்; நோயாளியோ தினமும் எல்லை தாண்டுகிறார். இரு மாநில அதிகாரிகளும் எல்லை ஊர்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்தினாலன்றி முழுப் பலன் கிட்டாது.

தொழிலாளர்களும் ஒன்று செய்யலாம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. "இது ஆன்டிபயாடிக்கா?" என்று கேட்பதில் வெட்கமில்லை. டாக்டர் எழுதித் தந்தால், அவர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். மிச்சத்தை அடுத்தவருக்குக் கொடுக்கலாகாது.

கடைக்காரரின் கையைக் கட்டுவது அரசின் கடமை. அதோடு, வேலை விட்டு வருபவருக்கு இரவு 8 மணிக்காவது ஒரு டாக்டரைக் காட்டுவதும் அதே அரசின் கடமை. முதலாவது மட்டும் நடந்தால், கடையில் மறுக்கப்பட்டவர் காய்ச்சலோடு வீட்டுக்குத்தான் போவார்.