பெரிய வாளி போதுமா?



தஞ்சோங் பகார் என்றதும் நம் தோட்டத்து மூத்தவர்களுக்கு ரயில் நிலையம்தான் நினைவுக்கு வரும். 1932இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் புறப்பட்டது. இப்போது நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பகுதியின் பழைய கடைவீடுகள் 1989 முதல் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. முகப்பைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே சுவரைக் கொத்துவது, தரையை அறுப்பது, மரச்சட்டங்களை இழைப்பது என்று வேலை நடக்கிறது. வேலை இருக்கும் இடத்தில் தூசியும் இருக்கும்.

சென்ற மாதம் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் என் பழைய மாணவன். நண்பனோடு சேர்ந்து அங்கே சிறு குத்தகை வேலை எடுத்துச் செய்கிறான். "வாத்தியாரையா, தூசி உறிஞ்சுற மிஷின் வாங்கணும்னு பணம் கேக்குறான். வீட்டுல கூட்டுற மிஷின் பெரிய வாளியோட மலிவா கெடைக்குதே, அது போதாதா? நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

நானும் அவர் பக்கம்தான் நினைத்தேன். பள்ளி விடுமுறையில் நேரில் போய்ப் பார்த்த பிறகு மனம் மாறினேன். பையன் அந்த மலிவு மிஷினைத்தான் கிரைண்டரில் மாட்டிச் சுவரில் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தான். வாளியில் தூள் சேர்ந்தது உண்மை. ஆனால் ஜன்னல் வெயிலில் பார்த்தேன்: மிஷினின் பின்புறத்திலிருந்து புகை போல நுண்தூசி வந்துகொண்டே இருந்தது. முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் அறைக்குள் ஊதிக்கொண்டிருந்தது அந்த மிஷின்!

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். சிமெண்டு, செங்கல், ஓடு, கருங்கல் எல்லாவற்றிலும் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மீட்சி இல்லை. சிங்கப்பூரின் கருங்கல் குவாரித் தொழிலாளர்கள் இந்த நோயால் அவதிப்பட்டிருக்கிறார்கள். குவாரிகள் மூடிவிட்டன, அதே தூசி இப்போது கட்டட வேலையில் இருக்கிறது. சமையலறை மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம் என்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது.

சரி, மிஷினை எப்படித் தேர்ந்தெடுப்பது? வாளியைப் பார்ப்பது கடைசி. முதலில் பார்க்க வேண்டியது, நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கும் என்பது. அமெரிக்காவில் 2016இல் வந்த சிலிக்கா விதியில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. கிரைண்டர் தட்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தது 25 கன அடி காற்று வேண்டும். நான்கு அங்குலத் தட்டுக்கு 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2,830 லிட்டர். ஐந்து அங்குலத்துக்கு 125 கன அடி, ஏறக்குறைய 3,540 லிட்டர். நான்காம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

மிஷினில் எழுதியிருக்கும் அளவு புது வடிகட்டிக்கு உரியது. நீளக் குழாய் மாட்டி, வடிகட்டியில் தூசி படிந்தால் இழுப்பு குறையும். ஆகவே கணக்கில் வருவதைவிடக் கூடுதலாக இழுக்கும் மிஷினை வாங்குங்கள். கிரைண்டரின் மேல் தூசி மூடி போட மறக்காதீர்கள். மூடி இல்லாமல் எந்த மிஷினும் பயன் தராது.

இரண்டாவது, வடிகட்டி. ஐரோப்பியத் தரத்தில் எல், எம், எச் என்று மூன்று வகுப்புகள் உண்டு. எல் நூற்றில் ஒரு பங்கு வரை தூசியை வெளியே விடலாம். எம் ஆயிரத்தில் ஒரு பங்கு. எச் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. சிமெண்டு, கல் வேலைக்கு எம் வகுப்புக்குக் கீழே இறங்காதீர்கள். இழுப்பு குறைந்தால் எம் வகுப்பு மிஷின் ஒலி எழுப்பி எச்சரிக்கும். பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் தொடவே வேண்டாம். அது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை.

மூன்றாவதுதான் வாளி. கடைவீட்டுப் படிக்கட்டு குறுகலானது. பெரிய வாளி நிறையச் சிமெண்டுத் தூள் சேர்ந்தால் ஓர் ஆள் தூக்க முடியாது. வெளி வேலைக்கு 25, 30 லிட்டரே போதும். தூளைக் கொட்டாமல் பையோடு எடுத்துக் கட்டிப் போடுங்கள். மின்சாரக் கணக்கும் உண்டு. 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். கிரைண்டரை மிஷினிலேயே செருகினால் இரண்டின் வாட்டையும் கூட்டிப் பாருங்கள்.

மரப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்த மிஷின் போதாது. இழைப்பு மிஷினிலிருந்து விழும் சீவலுக்கு அகலக் குழாயும் நிறையக் காற்றும் வேண்டும். நான்கு அங்குலக் குழாயில் சீவல் தேங்காமல் ஓட நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி தேவை. ஆறு அங்குலக் குழாய்க்குச் சுமார் 785. வேறு மிஷின், வேறு கணக்கு. மரத்தூளும் புற்றுநோய் தரக்கூடியது என்பதால் அதையும் இலேசாக எண்ண வேண்டாம்.

எந்த மிஷின் இருந்தாலும் முகக்கவசம் அணியச் சொல்லுங்கள். கூலிக்கு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்கிறேன். சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தொழிலாளியைக் காப்பது முதலாளியின் கடமை. மிஷின் கேட்பது தயவு கேட்பது அல்ல, தயங்காமல் கேளுங்கள்.

திரும்பி வந்து அந்தத் தாயிடம் நான் கண்டதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்கு வந்தா ராத்திரியெல்லாம் இருமுறான் வாத்தியாரையா. குளிர்னு நெனைச்சேன்" என்றார். முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். மறு வாரமே மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், சம்பளத்தைக் கேட்கும் முன் இருமல் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.