திருப்பதி இரயிலடியில் ஒரு பிள்ளை

வேங்கடவனை நாடித் திருப்பதிக்கு வருவோர் அனைவரும் பக்தர்கள் அல்லர். பரீட்சையில் தவறியவன், தகப்பனாரிடம் அடிபட்டவன், கலியாணப் பேச்சுக்கு அஞ்சியவள் என இளம்பிள்ளைகளும் வீட்டைத் துறந்து வருகின்றனர். சென்னையில் இரயிலேறினால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் இவ்வூர். யாத்திரிகர் கூட்டத்தில் தனித்து நிற்கும் பிள்ளையை எவரும் கவனிப்பதில்லை. அன்னதானத்தில் பசியும் ஆறிவிடும். இரவில்தான் ஆபத்து. அடைக்கலம் தருவதாய் அழைப்பவரெல்லாம் நல்லவராயிருப்பரோ?

இத்தகைய பிள்ளைகள் சில காலம் தங்குதற்குத் திறந்த புகலிடங்கள் அமைக்க 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் வழிவகுத்துள்ளது. பிள்ளைகளைத் தெருவாழ்வினின்றும் கொடுமையினின்றும் காப்பதே அவற்றின் நோக்கம். தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டவர் 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை. 2022-இல் சித்தூரினின்று திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆயினும் இரண்டிலும் அழைக்கவேண்டிய எண் ஒன்றே: 1098. பிள்ளையை நாமே வீட்டுக்கு அழைத்துச் செல்லுதல் தகாது. உடனே ஊருக்கு இரயிலேற்றுதலும் தகாது. அடிக்கு அஞ்சி வந்தவனை விசாரியாமல் அங்கேயே அனுப்பலாமா? குழந்தைகள் நலக் குழுவினர் விசாரித்து முடிவு செய்வர்.

நம்மவர்க்கு இதில் தனிக் கடமை ஒன்றுண்டு. தெலுங்கு அறியாத பிள்ளை அதிகாரியிடம் வாய் திறவாது. "சாப்பிட்டாயா, தம்பி?" என்று தமிழில் வினவினால் மனம் திறக்கும். ஆகவே, காசு கொடுத்து நகர்ந்துவிடாமல், ஆள் வரும்வரை அருகில் நில்லுங்கள். நம் குடும்பங்களும் மொழியறியாமல் இவ்வூரில் வந்து இறங்கியவையே.