வேந்தன் முன்னே பாவலன்

காஞ்சியை அடுத்துப் பாலாற்றங்கரையில் உள்ள ஓரிக்கை, பாவலன் ஒருவனின் மறுப்பால் பெயர்பெற்ற ஊர். தன்னைப் பாடுமாறு பல்லவ வேந்தன் பணித்தான், திருமழிசையாழ்வாரின் மாணாக்கனாகிய கணிகண்ணன் மறுத்தான், நாடு கடத்தப்பட்டான். ஆசிரியரும் உடன் புறப்பட்டார். திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்தொடர்ந்து, அவர்களோடு ஓரிரவு தங்கிய இடமே ஓரிரவிருக்கை. அதுவே ஓரிக்கை என மருவிற்று என்பர். இது வழிவழிக் கதையே. ஆயினும், வேந்தன் ஆணையினும் பாவலன் நா பெரிது என்னும் எண்ணம் ஓர் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது!

இத் தொண்டை நாட்டுக்கு அந்த நா புதியதன்று. கழகக் காலத்தில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றார் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பளபளக்கும் வேல்களைக் கண்டு ஔவையார் அஞ்சினாரல்லர்; அதியமான் வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று, புகழ்வதுபோற் பழித்தார்.

வேற்று வேந்தனிடம் அவ்வாறு பேசத் துணிவு வேண்டும். தன் வேந்தனிடம் பேசவோ அதனினும் பெருந்துணிவு வேண்டும். நலங்கிள்ளியைப் பலகாற் பாடியவர் கோவூர் கிழார். அவன் உறையூரை முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி அடைத்திருந்தபோது, இருவரும் சோழரே, எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என்று இடித்துரைத்தார். மலையமானின் சிறு மக்களை யானைக் காலில் இடக் கிள்ளிவளவன் முனைந்தபோதும் தடுத்தவர் அவரே. பகைவன் பிள்ளைகள்தாமே என்று அவர் வாளா இருந்துவிடவில்லை.

இவ் வழக்கம் பழைய ஏட்டோடு முடிந்ததா? 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' பாடினார். 1985இல் 'மரணத்துள் வாழ்வோம்' என்னும் தொகுப்பில் ஈழப் பாவலர் பலரின் குரல் ஒருங்கே எழுந்தது.

பகைவர் கொடுமையைப் பாடியோருள் சிலர் தம்மவர் கொடுமையையும் மறைத்தாரில்லை. அதற்குரிய விலை பெரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியாகிய பாவலர் செல்வியை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். 1992இல் பென் எழுத்தாளர் அமைப்பு அவருக்கு விருது வழங்கியபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை. பின்னரும் அவர் மீளவே இல்லை.

இதைச் சொல்வதால் ஈழத்தமிழர் பட்ட துயர் சிறிதாகிவிடாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் வீழ்ந்த உயிர்களுக்காக அழும் பாட்டு உண்மையாக ஒலிக்க வேண்டுமாயின், அது செல்விக்காகவும் அழ வேண்டும்.

கொன்றவன் யார் எனக் கேட்டறிந்த பின்னரே கண்ணீர் விடுபவனுக்குப் பாவலன் என்னும் பெயர் எதற்கு? முரசறைவோன் என்பதே சாலும்! வேந்தர் மாறுவர், கொடிகள் மாறும், 'இது முறையன்று' என உரைக்கும் நா மாறலாகாது. அந் நாவை விரட்டிய ஊரில் இறைவனும் இரான் என்பதே ஓரிக்கை சொல்லும் செய்தி.