கூடைக்கு வருமுன்னர்

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்புப் புறநகர்ப் பாடசாலையொன்றின் சுற்றாடல் விழாவுக்குப் பேச்சாளராக அழைக்கப்பட்டிருந்தேன். வாசலிலே பச்சை, நீலம், செம்மஞ்சள் நிறக் கூடைகள் வரிசையாக நின்றன. எக்கழிவு எக்கூடைக்கு உரியது என்பதைச் சின்னஞ்சிறார்கள் பிழையின்றி ஒப்புவித்தனர். மேடையில் அமர்ந்திருந்த எங்கள் ஒவ்வொருவர் முன்பாகவும் ஒரு பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல் வைக்கப்பட்டிருந்தது. முடிவில் தரப்பட்ட சிற்றுண்டிப் பொதியில் பற்றீஸ் ஒன்று, கேக் துண்டு ஒன்று, வாழைப்பழம் ஒன்று. முதலிரண்டும் தனித்தனியே பொலித்தீனில் சுற்றப்பட்டிருந்தன. வாழைப்பழத்தை இறைவன் ஏற்கெனவே சுற்றி அனுப்பியிருந்தமையால் அது தப்பியது.

பிள்ளைகளைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர்கள் கற்பிக்கப்பட்டதைச் செய்தார்கள். கழிவைத் தரம்பிரிப்பது வேறு, கழிவு உண்டாகாமற் காப்பது வேறு. நம் நாட்டிலே பாடசாலைக்கும் வீட்டுக்கும் கடைக்கும் வகுக்கப்படும் திட்டங்களிற் பெரும்பாலானவை முன்னையதோடு நின்றுவிடுகின்றன. குப்பை பிறந்த பின்னரே அவற்றின் வேலை ஆரம்பமாகிறது.

தரம்பிரிக்காத குப்பையைப் பொறுப்பேற்பதில்லை என்ற நடைமுறை கொழும்பு உள்ளிட்ட உள்ளூராட்சிப் பகுதிகளில் 2016 நவம்பரில் ஆரம்பமானது. ஆறு மாதங்கள் நிறைவதற்குள், 2017 ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, கொலன்னாவையிலுள்ள மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்தது. 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. 2009இல் புளூமெண்டல் மேடு மூடப்பட்டபோது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லியே நகரின் குப்பை அங்கு கொண்டுசெல்லப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் கொட்டப்பட்டது. அயலில் வாழ்ந்த ஏழை மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியும் எவரும் செவிசாய்க்கவில்லை. சரிவுக்குப் பின்னரும் தீர்வு இடமாற்றமாகவே அமைந்தது. 150 கிலோமீற்றருக்கும் அப்பால் புத்தளத்தின் அறுவைக்காட்டுக்குப் புகையிரதத்தில் அனுப்பும் திட்டம் வந்தது. புத்தளத்து மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். கொழும்பின் எச்சிலை ஏன் எங்கள் வாசலில் என்ற அவர்களது கேள்விக்கு இன்றுவரை நேர்மையான பதில் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

அந்த மேட்டில் இருந்தது என்ன? இலங்கையின் நகரக் கழிவிற் பாதிக்கும் அதிகமானது உக்கக்கூடிய ஈரக்கழிவு, பெரும்பாலும் நம் குசினிகளிலிருந்து போவது. மழைநீரை உறிஞ்சி, அழுகி, வாயுவை உண்டாக்கி, மேட்டின் உறுதியைக் குலைப்பதும் அதுவே. ஆகவே வீட்டுக்குரிய திட்டம் சோற்றுப் பானையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் குப்பை என்ற சொல் எருவையே குறித்தது. மிஞ்சிய சோறு காலையிற் பழஞ்சோறாகும், மரக்கறித் தோல் ஆட்டுக்குப் போகும், வாழையிலை மாட்டுக்குப் போகும். மீன் வாங்க உமலைக் கொண்டுபோவோம். இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்தாம் தளத்தில் வாழ்பவருக்கு ஆடும் இல்லை, வாழையடியும் இல்லை. கொம்போஸ்ற் பீப்பாயைச் சலுகை விலையிற் கொடுத்தாலும் அதை எங்கே வைப்பார்? கட்டடத்துக்கு ஒன்றாகப் பொது ஏற்பாடு செய்யாமல் தனிக் குடும்பத்துக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. நம்மவர் திருமண மண்டபங்களில் இலையோடு மடிக்கப்படும் சோற்றைப் பற்றி எழுதத் தொடங்கினால் இப்பத்தி போதாது.

வர்த்தகரிடம் வருவோம். எல்லா விழிப்புணர்வும் பிள்ளைக்கும் இல்லத்தரசிக்கும் என்றாகி, உறையைச் செய்பவரும் விற்பவரும் ஒதுங்கி நிற்பதே என்னை உறுத்துகிறது. தடைகள் இல்லாமலில்லை. 2017 செப்ரெம்பரில் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் 31 முதல் 20 மில்லிலீற்றருக்கு மேற்படாத சிறு பக்கற்றுகள் தடைசெய்யப்பட்டன. ஆயினும் உணவுக்கும் மருந்துக்கும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் தொங்கும் உறைகள் அந்த விதிவிலக்கின் நிழலிலேயே தொங்குகின்றன. 2025 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து சொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இத்தனை தடைகளுள் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். பையொன்றின் விலை பற்றுச்சீட்டிலே தனி வரியாகத் தெரியும்போது, வீட்டில் மறந்துவிட்டு வந்த துணிப்பை உடனே ஞாபகத்துக்கு வருகிறது. நூறு சுவரொட்டிகள் செய்யாததை அந்த ஒரு வரி செய்கிறது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இது புதிதன்று. ஜேர்மனியில் 2003 முதல் ஒருமுறை பாவிக்கும் பானப் போத்தலுக்கு 25 சதம் வைப்புப்பணம் அறவிடப்படுகிறது. சூரிச்சிலே கட்டணப் பையிலன்றிக் குப்பையை வெளியே வைக்கமுடியாது. அங்கே போத்தலை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கும் நம்மவர், ஊருக்கு வந்தால் கார்க் கண்ணாடியை இறக்கி வீசுவதைக் கண்டிருக்கிறேன். மனிதர் மாறவில்லை, ஏற்பாடுதான் மாறியிருக்கிறது. அந்த ஏற்பாடும் நமக்கு அந்நியமானதன்று. சோடாப் போத்தலுக்குக் காசு கட்டி, வெறும் போத்தலைக் கொடுத்துக் காசை மீளப்பெற்றவர்கள்தானே நாம்? அக்காசுக்காகவே வேலியோரம் போத்தல் தேடிய சிறுவர்களில் நானும் ஒருவன். கண்ணாடி போய் பிளாஸ்ரிக் வந்தபோது போத்தல் காசும் கூடவே போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவருமாறு பான உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தச் சட்டம் வேண்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக் குத்தகையில் உறையிட்ட பண்டத்துக்கு வரம்பு விதிக்கும் ஒரு நிபந்தனையும் வேண்டும். இரண்டுக்கும் ஒரு நிறக்கூடை கூடத் தேவையில்லை.

எங்கள் ஒழுங்கைக்குப் பழைய போத்தல், பேப்பர் வாங்குபவர் இப்போதும் இடையிடையே வருகிறார். விழாவிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைக் காட்டி, இதை எடுப்பீர்களா என்று கேட்டேன். “ஒரு கிலோ சேரமுந்திச் சைக்கிளிலை இடம் முடிஞ்சிடும், ஐயா” என்றார். பத்திரிகைகளை மட்டும் நிறுத்துக் கட்டிக்கொண்டார். அக்கட்டின் மேலே, பொலித்தீன் பாவனைக்கு எதிராக நான் எழுதிய கட்டுரை வெளியான பத்திரிகை இருந்தது.