பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் பேர் உண்டு

தமிழில் இசையைப் பற்றி எழுதுகிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. பாடியவர் பேர் தெரியும். இசையமைத்தவர் பேர் தெரியும். பாட்டு எழுதியவர் பேரும் தெரியும். வாசித்தவர் பேர் மட்டும் தெரியாது. தெரியாததுகூடப் பரவாயில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. என் கோபம் அதன் மேல்தான்.

ஈப்போவில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தச் சண்டையைப் போடுகிறேன். ஆனால் முதல் சாட்சியை அமெரிக்காவிலிருந்து கூப்பிடப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சுற்றிவிட்டு நம்ம லயத்துக்கே வந்து சேர்ந்துவிடுவேன்.

யூடியூப்பில் போர்ட்டர் வேகனர் ஷோ என்று தேடிப் பாருங்கள். 1960ல் தொடங்கி 1981 வரை ஓடிய கன்ட்ரி இசை நிகழ்ச்சி. டாலி பார்ட்டன் 1967ல் வந்து சேர்ந்தது இந்த நிகழ்ச்சியில்தான். முன்னால் வேகனர் மினுமினுக்கும் கோட்டோடு நின்று பாடுவார். பின்னால் ஒருவர் சின்ன மேசை மாதிரி ஒன்றின் முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவர் டான் வார்டன். மேசை மாதிரி இருப்பது ஸ்டீல் கித்தார்.

கித்தாரைப் படுக்கப் போட்டு, கம்பியை விரலால் அழுத்தாமல், இடது கையில் ஒரு எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பி மேல் வழுக்கி வாசிக்கிற கருவி அது. பிற்பாடு பாதத்தால் மிதிக்கப் பெடலும், முழங்காலால் தள்ள நெம்புகோலும் வந்தன. இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே நேரத்தில் வேலை செய்யணும். எழுந்து ஆட முடியாது, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் நேரம் இருக்காது. பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற அந்தச் சின்ன இடைவெளியில், வரியில் மிச்சம் இருக்கும் அழுகையை இந்தக் கருவி வாங்கிக்கொள்ளும். கன்ட்ரி பாட்டில் நமக்கு நெஞ்சு அடைப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

விஷயம் என்னவென்றால், அந்த ஊர்க்காரர்கள் அவர் பேரைச் சொன்னார்கள். பாப் வில்ஸ் என்ற இசைக்குழுத் தலைவர், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் ஸ்டீல் கித்தார் கலைஞர் லியான் மெக்காலிஃபைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். 1930களின் இசைத்தட்டுகளிலேயே அந்தக் குரல் பதிவாகி இருக்கிறது. ரசிகன் இசைத்தட்டின் உறையைப் படிக்கவே வேண்டாம், பாட்டுக்குள்ளேயே பேர் இருக்கிறது. 1954ல் வெப் பியர்ஸ் பாடிய ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துக் கம்பியின் சுருதியை மாற்றினார். அந்தச் சத்தத்தைக் கேட்ட மற்ற கலைஞர்கள் தங்கள் கருவிகளிலும் பெடல் மாட்ட ஓடினார்கள். பாட்டுப் பாடியது பியர்ஸ். ஆனால் கருவியின் வரலாற்றில் அந்த ஆண்டு ஐசக்ஸின் ஆண்டாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1978ல் ஸ்டீல் கித்தார் கலைஞர்களுக்கென்றே ஒரு புகழ் மண்டபமும் தொடங்கினார்கள். ஜெர்ரி பேர்ட் அந்த முதல் ஆண்டிலேயே அதில் இடம்பெற்றார்.

நாஷ்வில்லைச் சொர்க்கமாக்க நான் வரவில்லை. கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி மேடையின் ஆரம்பகால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. ஹார்மோனிகா வாசித்த கறுப்பினக் கலைஞர். 1941ல் அவரை வெளியே அனுப்பினார்கள். பிறகு ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005ல். அவர் இறந்து இருபது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. ஸ்டீல் கித்தாருமே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவில் பிறந்தது. ஜோசப் கெகுகு என்ற ஹவாய்ப் பையன் பேரைத்தான் அதோடு சேர்த்துச் சொல்கிறார்கள். டெக்சாஸிலும் டென்னஸியிலும் அதை வாசித்தவர்களுக்குக் கிடைத்த பேரில் கால்வாசிகூட ஹவாய்க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பேர் தானாக நிலைப்பதில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுவதால்தான் நிலைக்கிறது. எழுதுகிறவர் யாரை விடுகிறாரோ அவர் இல்லாமல் போகிறார்.

இது வெள்ளைக்காரன் கருவி, நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். கம்பி மேல் கட்டையை வழுக்கிக் கமகம் பிடிக்கிற கோட்டுவாத்தியம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொத்து. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்தது அதைத்தான். சித்திரவீணை என்று ரவிகிரண் வாசிப்பதும் அதையே. ஹவாயில் கித்தாரை முதலில் இப்படி வழுக்கி வாசித்தவர் இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்ற கப்பல் பையன் என்று ஒரு பழைய கதையும் உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1940களில் டாவ் மோ குடும்பம் கல்கத்தாவில் தங்கி வாசித்ததும் கற்றுக்கொடுத்ததும் கதை அல்ல, வரலாறு. அங்கிருந்து ஹவாயன் கித்தார் இந்தி, வங்காளப் பாட்டுகளுக்குள் நுழைந்தது. தமிழ் சினிமாவும் அதை விட்டுவைக்கவில்லை. பழைய சோகப் பாட்டுகளில், நிலா வெளிச்சப் பாட்டுகளில், குரலுக்குப் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும் அந்தக் கம்பி உங்கள் தாத்தாவுக்கு நன்றாகத் தெரியும். வாசித்தது யார் என்று அவரிடம் கேளுங்கள். விழிப்பார். குற்றம் அவருடையது இல்லை. இசைத்தட்டின் லேபிளில் படம், பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்று அச்சடித்தார்கள். வாசித்தவருக்கு அந்த வட்டத்தில் இடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லணும். வாசிப்பவர் பேரைப் போடுவது நமக்குத் தெரியாத வழக்கம் இல்லை. எந்தக் கச்சேரி அழைப்பிதழையும் எடுத்துப் பாருங்கள். பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடம் இன்னார் என்று நாலு பேர் பேரும் இருக்கும். சபாவில் பக்கவாத்தியக்காரர் பேரைப் போடத் தெரிந்த அதே சமூகம்தான், மெல்லிசை மேடை என்று வந்தவுடன் ‘மற்றும் குழுவினர்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவுகிறது. ஆக இது மறதி இல்லை. எந்த மேடையில் இருப்பவன் கலைஞன், எந்த மேடையில் இருப்பவன் கூலிக்காரன் என்று நாம் எப்போதோ முடிவு கட்டிவிட்டோம்.

சினிமா இசையில் கொஞ்சம் மாற்றம் வந்தது உண்மைதான். ஏ.ஆர். ரகுமான் தன் இசைத்தட்டு உறைகளில் வாசித்தவர்கள் பேரை அச்சிட்டார். இளையராஜா பாட்டுகளில் டிரம்ஸ் புருஷோத்தமன், கித்தார் சதானந்தம், கீபோர்ட் விஜி மேனுவல் என்று இன்று நாம் சொல்ல முடிகிறதென்றால், ரசிகர்கள் தேடித் தேடிக் கேட்டு எழுதியதும் ஒரு காரணம். ஆனால் இப்போது பாட்டு போனில் வருகிறது, உறையே கிடையாது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளைப் பாருங்கள். நடுவர் கண் கலங்குவதை மூன்று கேமரா காட்டும். பின்னால் வாரம் முப்பது பாட்டுகளை வாசிப்பவர்களைக் கைதட்டல் நேரத்தில் ஒரு நொடி காட்டுவார்கள், அவ்வளவுதான்.

இப்போது நம்ம ஊருக்கு வருகிறேன். பேராக்கில் சுங்கை சிப்புட் என்றால் 1948ல் அவசரகாலம் தொடங்கிய இடம் என்று பரீட்சையில் எழுதுவோம். அன்று சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களின் பேர் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வட்டாரத்துத் தோட்டங்களில் காலையில் கித்தா மரம் சீவிவிட்டுச் சாயங்காலம் கித்தார் எடுத்தவர்கள் எத்தனை பேர்? திருவிழா மேடையில், தீபாவளி இரவில், கல்யாண டின்னரில் வாசித்தவர்கள் யார் யார்? ஒரு பேரை, ஒரே ஒரு பேரை, எந்தப் புத்தகத்திலிருந்தாவது எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம். தோட்டத்தில் அவர்களுக்கு இருந்தது பட்டப்பேர்தான். கித்தார் அண்ணன், டிரம்ஸ் மாமா, ஆர்மோனியத் தாத்தா. அடையாள அட்டையில் இருந்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் வந்திருக்கும்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாயின, சில தாமான்களாயின. லயத்து ஜனங்கள் புந்தோங்குக்கும் மற்ற இடங்களுக்கும் சிதறினார்கள். ஒரு இசைக்குழு என்பது ஒரே லயத்தில் ஐந்தாறு பேர் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பதால் நடக்கிற காரியம். வீடு சிதறினால் குழுவும் சிதறும். மிச்சம் இருந்த வேலையைக் கேரோக்கியும் மைனஸ் ஒன் டிராக்கும் எடுத்துக்கொண்டன. பாடகருக்கு இன்றும் மேடை இருக்கிறது. பின்னால் உட்கார்ந்தவரின் நாற்காலியில் இப்போது ஒரு மடிக்கணினி இருக்கிறது.

நம் இலக்கியமாவது இவர்களைக் காப்பாற்றியதா? தோட்டத்துக் கதை என்றால் கங்காணி வருவார், மண்டோர் வருவார், கள்ளுக்கடை தவறாமல் வரும், பால்மரத்தடியில் பாம்பு வரும். கித்தார் வாசித்தவன் வந்தாலும் கள்ளுக்கடைக்குப் போகும் வழியில்தான் வருவான். தொழிலாளியின் துயரத்தை எழுதுகிற நமக்கு, தொழிலாளியின் திறமையை எழுத ஏன் கை வரவில்லை? துயரம் மட்டும்தான் அவன் சொத்து என்று எழுதுவதும் துரை பார்த்த பார்வைதான்.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு வரும். அவங்க சினிமாப் பாட்டைத்தானே காப்பியடிச்சாங்க, அதில் பதிவு பண்ண என்ன இருக்கு? நிறையவே இருக்கிறது. சென்னை ஸ்டூடியோவில் ஒரு பெரிய வாத்தியக் கூட்டம் நோட்ஸ் பார்த்து வாசித்ததை, இங்கே ஆறு பேர் வானொலியையும் கேசட்டையும் காதால் கேட்டே திரும்பக் கட்டினார்கள். வயலின் வரிசைக்கு ஒரு ஆர்கன், புல்லாங்குழலுக்கு ஒரு கித்தார் கம்பி. எதை விடுவது, எதை வைப்பது, எந்தக் கருவி எந்தக் கருவிக்குப் பதிலாக நிற்பது என்று முடிவு செய்வதற்குப் பேர்தான் இசையமைப்பு. ஈப்போவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்து 2012ல் மறைந்த பால் பொன்னுதுரையை நினைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பாட்டுகளை ஒற்றைக் கித்தாரில் தன் பாட்டாக மாற்றி வாசித்தவர். வெளிநாட்டு ஆங்கிலப் பத்திரிகைகள் தேடி வந்து எழுதின. நம்மில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

இரண்டாவது மறுப்பு, பேர் சோறு போடுமா என்பது. போடும். ஹேங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு அன்று இறந்துபோனார். அவர் பின்னால் ஸ்டீல் கித்தார் வாசித்த டான் ஹெல்ம்ஸ் அதோடு முடிந்துபோகவில்லை. அந்தச் சத்தம் யாருடையது என்று தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், அதனால் கூப்பிட்டார்கள். பேட்ஸி கிளைனுக்குப் பேர் வாங்கித் தந்த ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’ பாட்டில் கேட்கிற ஸ்டீல் கித்தார் அவர் வாசித்ததுதான். 2008 வரை வாழ்ந்தார், கடைசிவரை அந்தப் பேரோடு வாழ்ந்தார். பேர் இருப்பவனைத் தேடிக் கூப்பிடுவார்கள். ‘குழுவினர்’ என்று மட்டும் அறியப்பட்டவனின் இடத்தில் நாளைக்கே ஒரு மைனஸ் ஒன் டிராக்கைப் போட்டுவிடலாம். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இதை வாசிக்கிற தம்பி தங்கைகளே, கதை எழுதுங்கள், கவிதை எழுதுங்கள், தடுக்கவில்லை. நடுவில் ஒரு சனிக்கிழமையை எனக்குக் கடன் கொடுங்கள். உங்கள் வீட்டில், சொந்தத்தில், பக்கத்துத் தாமானில் எழுபது வயது தாண்டிய ஒரு இசைக்கலைஞர் கட்டாயம் இருப்பார். போய் உட்காருங்கள். முழுப்பேர் என்ன, எந்தத் தோட்டம், என்ன கருவி, அதை எங்கே வாங்கினார், யாரிடம் கற்றார், கூட வாசித்தவர்கள் யார், ஒரு இரவுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்ல விரும்புவதை, அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். பழைய மேடைப் படம் இருந்தால் பின்வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராக அடையாளம் கேளுங்கள். இது அவசரம். இந்தத் தலைமுறை போனால் கேட்பதற்கு ஆள் கிடையாது. படம் இருக்கும், படத்தில் இருப்பது யார் என்று சொல்ல வாய் இருக்காது.

இசை நிகழ்ச்சிக்கு விமர்சனம் எழுதப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாடகரின் பட்டுப்புடவையைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறீர்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் வயர் சுருட்டிக்கொண்டிருப்பவர்களிடம் பேர் கேட்க இரண்டு நிமிஷம் ஆகாது. ‘மற்றும் குழுவினர்’ என்ற சொல்லை இனிமேல் எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேரையும் எழுதுங்கள்.