பழைய கணக்கும் புதிய கணிப்பொறியும்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர்நாடி அதன் கணக்கே. 1904-ஆம் ஆண்டில் திரூரில் நம் நாட்டின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலந்தொட்டு, அங்கத்தினரின் பங்குத் தொகைக்கும் கடனுக்கும் பேரேடே சாட்சியாக இருந்து வருகிறது. முன்னரே கணிப்பொறி வாங்கிய சங்கங்களிலோ, அப்பேரேட்டின் ஒரு பகுதி டாஸ் காலத்து நிரல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

2022 ஜூன் மாதத்தில், 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் ஒப்புதல் அளித்தது. இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் புதிய இயந்திரம் வந்ததும் பழையதைக் கழிவுச் சாமானாகத் தள்ளிவிடும் அவசரத்தை நாம் ஆதரிக்க இயலாது.

பழைய நிரலைப் புதிய கணிப்பொறியில் இயக்கினால், பல சமயங்களில் 'நினைவகம் போதவில்லை' என்ற அறிவிப்புடன் அது நின்றுவிடும். உடனே நினைவகத்தைப் பெருக்க வேண்டுமென்று தீர்மானம் போடுவது வீண் செலவு. குறை பெரும்பாலும் பற்றாக்குறையில் இல்லை, மிகுதியில் இருக்கிறது. மூன்று இலக்கத்துக்குக் கட்டம் போட்ட ஏட்டில் ஆயிரம் ரூபாயை எழுதப் புகுந்தால் கணக்கு குழம்புவது போன்றதே இது. டாஸ் நிரல்கள் 640 கிலோபைட்டுக்குள் வாழப் பழகியவை. அதற்கு மேலுள்ள இடம் எத்துணை பெரிதாயினும் அவற்றுக்குத் தானாகப் பயன்படுவதில்லை. 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட காலி இடத்தைப் பூஜ்யத்துக்குக் கீழான தொகையாகப் படித்து, 'இடமில்லை' என்று சொல்லும் நிரல்களும் உண்டு. விண்டோஸ் 98-இலும் இக்குறை இருந்தது. 512 மெகாபைட்டுக்கு மேல் நினைவகம் பொருத்தினால், நினைவகம் போதவில்லை என்று அது தொடங்கவே மறுக்கும். 'சிஸ்டம்.இனி' என்னும் கோப்பில் 'மேக்ஸ்ஃபைல்கேஷ்' என்ற வரம்பைக் குறைத்து எழுதுவதே அதற்குப் பரிகாரம். புதிய உறுப்பு வாங்குவதன்று.

இன்னொரு தடையும் உண்டு. 64 பிட் விண்டோஸ் பழைய 16 பிட் நிரல்களை அறவே ஏற்பதில்லை. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் வடிவமே இல்லை. ஆகவே, புதிய இயந்திரத்துக்குள் பழைய இயந்திரம் ஒன்று இருப்பதுபோல் நடிக்கும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற நிரலை நாடுவதே வழி. அது இலவசமாகக் கிடைக்கிறது. பழைய நிரலுக்குப் பழக்கமான அளவு நினைவகத்தை மட்டும் அதில் ஒதுக்கிக் காட்டலாம். எதுவாயினும் முதலில் கோப்புகள் அனைத்துக்கும் இரண்டு பிரதிகள் எடுத்து, பிரதியின்மீதே சோதனை நடத்த வேண்டும். மூலத்தைத் தொடலாகாது.

எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்துக்கொண்டால் போதாதா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நல்ல யோசனைதான். ஆனால் அச்சிடுவதற்கும் கோப்பு முதலில் திறக்க வேண்டுமே!

இது வெறும் இயந்திரச் சிக்கலன்று. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அத்தகைய வேளையில் யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்பதற்குக் கணக்கே ஆதாரம். சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் சிறு விவசாயியும், அடிவாரத்தில் சேலம் பட்டு நெய்யும் நெசவாளியும் தம் தந்தையின் பங்குத் தொகையைக் கேட்டு வரும்போது, 'கணிப்பொறி திறக்கவில்லை' என்பது விடையாகாது. ஏற்காட்டுக்கோ, பழுது பார்ப்பவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வர வேண்டும். ஆதலால் முன்னேற்பாடு மலைச் சங்கங்களுக்கு மும்மடங்கு அவசியம்.

எனவே அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் மூன்று காரியங்களை வற்புறுத்துவார்களாக. பழைய கணக்கு புதிய இயந்திரத்தில் திறந்து, இரு நிலுவைகளும் ஒத்துப்போகும் வரை பழைய கணிப்பொறியைக் கழிக்கலாகாது. திறக்கும் முறையைத் தமிழில் எழுதிச் சங்கத்தில் வைக்க வேண்டும். காரியதரிசி ஒருவர் மட்டுமன்றி, வேறிருவரும் அதனைக் கற்றிருக்க வேண்டும். கணக்கு அங்கத்தினருடையது; அதைக் காப்பதும் அவர்கள் பொறுப்பே.