விருந்திட்ட வீட்டில் பட்டினி

ஆட்டத்தில் தோற்பது இழுக்கன்று. தன்னினும் வல்லவரோடு ஆடித் தோற்றவர் மறுநாளும் தலை நிமிர்ந்து நடக்கலாம். ஆனால், தாம் அழைத்த விருந்தினர் முன்னிலையில், தமது வீட்டு முற்றத்திலேயே, ஆட முடியாதபடி விலக்கப்படுவது எந்தத் தேசத்திற்கும் பெருமை தராது. 2022-ம் வருஷத்து மாதர் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் பந்தயத்தில் பாரத நாட்டுப் பெண் மக்களுக்கு நேர்ந்த கதி அதுவே. வருஷங்கள் சென்றுவிட்டன என்பதற்காக இதை மறந்துவிடலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

அவ்வருஷம் ஜனவரி 20 முதல் பிப்ரவரி 6 வரை மும்பை, நவி மும்பை, புணே ஆகிய நகரங்களில் பந்தயம் நடைபெற்றது. பன்னிரண்டு தேசங்கள் கலந்துகொண்டன. 2003-க்குப் பிறகு நமது மாதர் கோஷ்டி இப்பந்தயத்தில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை. கோப்பையைவிடப் பெரிய பரிசு ஒன்றும் காத்திருந்தது. 2023-ம் வருஷத்து உலகக் கோப்பைக்குச் செல்லும் ஆசிய தேசங்கள் இங்கேதான் தீர்மானிக்கப்பட்டன. கால் இறுதியை எட்டிவிட்டால், அங்கே தோற்றாலும் மற்றொரு வாய்ப்பு உண்டு.

இதற்காக நமது பெண்கள் உழைத்த உழைப்பு கொஞ்சமன்று. ஸ்வீடன் தேசத்துப் பயிற்சியாளர் தாமஸ் தென்னர்பியின் கீழ் ஜாம்ஷெட்பூரில் மாதக் கணக்காகப் பயின்றனர். வெளிநாடுகளுக்குச் சென்று பலம் மிக்க கோஷ்டிகளை எதிர்த்தனர். 2021 நவம்பரில் பிரேஸிலிடம் 1-6 என்று தோற்றனர்; ஆயினும் அந்த ஒரு கோலை மனீஷா கல்யாண் அடித்தபோது, எத்தகைய எதிரிக்கும் அஞ்சவேண்டியதில்லை என்ற துணிவு பிறந்தது. கடலூர் இந்துமதி கதிரேசனும் இக்கோஷ்டியில் இருந்தார். தமிழ்நாட்டுப் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரான அவர், கொரோனா பரவிய காலத்தில் சென்னை வீதிகளில் காவல் பணி புரிந்தவர். நோயின் நடுவே கடமையைச் செய்தவருக்கு, அதே நோயின் பெயரால் ஆட்டம் மறுக்கப்பட்டது விதியின் விளையாட்டுத்தான்.

ஜனவரி 20-ந் தேதி நவி மும்பையில் ஈரானுடன் நடந்த முதல் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. 23-ந் தேதி சீனத் தைபேயை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. அதற்குள் கோஷ்டியில் பலரைத் தொற்று பிடித்துக்கொண்டது. பதின்மூன்று ஆட்டக்காரர்களையேனும் திரட்ட முடியாத கோஷ்டி பந்தயத்திலிருந்து விலகியதாகவே கருதப்படும் என்பது ஆசியக் கால்பந்துச் சம்மேளனம் வகுத்திருந்த விதி. அவ்விதிப்படி இந்தியா விலக்கப்பட்டது. ஈரானுடன் ஆடிய ஆட்டமும் செல்லாததாயிற்று. பழம்பெரும் கோஷ்டியான சீனாவுடன் மோதும் வாய்ப்பும் போயிற்று. தொண்ணூறு நிமிஷம் ஓடியாடியதற்குக் கணக்கில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை!

விதி எல்லோருக்கும் பொதுவானதே. அதை மட்டும் குறைகூறிப் பயனில்லை. ஆனால் விருந்துக்கு அழைத்தவர்கள் காவலையும் ஏற்க வேண்டும் அல்லவா? தமது ஆட்டக்காரர்கள் நோயின்றியே விடுதிக்குள் நுழைந்தார்கள் என்றும், அங்கேதான் தொற்று பற்றியது என்றும் பயிற்சியாளர் தென்னர்பி பகிரங்கமாகக் கூறினார். அப்படியானால், வெளியே போகாமல் கட்டுப்பாட்டோடு அடைந்து கிடந்த பெண்கள் செய்த பிழை யாது? காவல் எங்கே தவறியது என்பதைத் தீர விசாரித்து ஜனங்களுக்கு அறிவிப்பது நிர்வாகஸ்தர்களின் கடமை. பிழை ஒருவருடையது, தண்டனை மற்றொருவருக்கு என்பதை எந்த நியாய சாஸ்திரமும் ஒப்பாது.

அவ்வருஷத்திலேயே இந்த அநியாயம் இரண்டாம் முறையும் நிகழ்ந்தது. நிர்வாகச் சச்சரவு காரணமாக, 2022 ஆகஸ்டில் உலகக் கால்பந்துச் சம்மேளனம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. பத்துப் பன்னிரண்டு நாட்களில் தடை நீங்கியது. ஆனால் ஆசியச் சங்கங்களின் பந்தயத்திற்காகத் தாஷ்கண்ட் வரை சென்றுவிட்ட கோகுலம் கேரளா மாதர் கோஷ்டி ஆடாமலேயே திரும்ப நேர்ந்தது. நாற்காலிக்காக நடந்த சண்டையில் மைதானத்துப் பெண்களுக்கு அடி விழுந்தது.

பெண்களுக்குத் திறமை போதாது என்று சொல்வோர் சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பந்தயத்தில் நமது மாதர் இறுதி ஆட்டம் வரை முன்னேறினர். 1983-லும் இரண்டாமிடம் பெற்றனர். பிறகு நாம் தூங்கினோம், பிறர் விழித்திருந்தனர். 2022-ல் நமது மண்ணில் ஆடியே வியட்நாமும் பிலிப்பைன்ஸும் முதன்முறையாக உலகக் கோப்பைக்குச் சென்றன. எனினும் நமது பெண்கள் மனம் தளரவில்லை. 2025 ஜூலை 5-ந் தேதி சியாங்மாயில், தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வென்றனர். சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல்களையும் அடித்தார். அதனால் 2026-ம் வருஷத்து ஆசியக் கோப்பையில், விருந்திடுவோர் என்ற சலுகை இல்லாமல், தகுதிப் பந்தயத்தில் வென்றே இடம்பெற்றனர். விலக்கப்பட்டவர்கள் கொடுத்த பதில் இது. இதைவிடச் சிறந்த பதில் வேறில்லை.

மும்பையில் நடந்ததற்கும் நமது வேப்பனப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இந்த எல்லைப்புறத்தில், பொழுது விடியுமுன் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறும் பெண்கள் ஏராளம். அவர்கள் கைகளால் தொழில் வளர்கிறது. ஆனால் அவர்களுடைய தங்கைகள் ஓடி விளையாட மைதானம் எங்கே? பள்ளி மைதானம் பையன்களுக்கு என்றும், வீட்டுத் திண்ணை பெண்களுக்கு என்றும் எழுதாத சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. படிக்க வேண்டிய வயதில் கழுத்தில் தாலி ஏற்றும் கொடிய வழக்கமும் நமது ஜில்லாவை விட்டு இன்னும் முற்றிலும் அகலவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பந்தின் பின்னால் ஓடவிடும் ஊர், பதினைந்து வயதில் அவளை மணவறையில் உட்கார வைக்க ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும்.

ஆகையால் தேச சேவையில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம். மேடையில் பெண்மையைப் போற்றியது போதும். ஊராட்சி ஒன்றியத்திடம் போய், பெண்கள் ஆடுவதற்கு இடம் கேளுங்கள். ஒவ்வொரு பெண்கள் பள்ளிக்கும் தேகப் பயிற்சி ஆசிரியை வேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துங்கள். லாபம் ஈட்டும் தொழிற்சாலை முதலாளிகளிடம் பந்துக்கும் பாதரட்சைக்கும் பணம் கேட்கக் கூச்சம் வேண்டாம். உங்கள் வீட்டுப் பெண்ணையே முதலில் மைதானத்திற்கு அனுப்புங்கள். வெற்றியும் தோல்வியும் பிறகு வரட்டும். ஆடும் உரிமையை எவரும் பறிக்காதபடி காத்து நிற்பதே நமது முதற் கடமை.